காரின் வண்ணப்பூச்சில் விழுந்த சுழல் கீறல்களை வீட்டிலேயே நீக்குவது எப்படி: டெல்டா மாவட்டங்களில் கார் வைத்திருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார்குடியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கறுப்புக் காரை வாங்கி ஓராண்டு முடிவதற்குள், காலை வெயில் பட்டால் அதன் பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல் கோடுகள் தெரியத் தொடங்கின. நிழலில் நிறுத்தினால் புதிய கார்போலவே இருக்கும். வெயிலுக்குக் கொண்டுவந்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக எண்ணற்ற மெல்லிய கீறல்கள் மின்னும். அப்போது ஒரு பட்டறையில் காட்டினேன். கம்பளி பேடு மாட்டிய இயந்திரத்தால் அரை மணி நேரம் தேய்த்து, கண்ணாடிபோல் ஆக்கிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழிந்து நாலைந்து முறை கழுவிய பிறகு, பழைய கோடுகள் அப்படியே திரும்பி வந்தன. முன்பு இல்லாத புகைமூட்டம் போன்ற வளையங்களும் அவற்றோடு சேர்ந்து தெரிந்தன. கீறல்கள் நீங்கவில்லை, எண்ணெயும் மெழுகும் அவற்றை நிரப்பி மறைத்திருந்தன என்பது அதன்பிறகே புரிந்தது. அன்று முதல் இந்த வேலையை நானே கற்று, எங்கள் காரிலும் உறவினர்களின் கார்களிலும் செய்துவருகிறேன். நிதானமும் இரண்டு முழு நாள்களும் இருந்தால் யாரும் செய்யக்கூடிய வேலை இது. ஆனால் காரின் மேல்பூச்சு தேய்க்கத் தேய்க்கக் குறையுமே தவிர ஒருபோதும் வளராது. ஆகவே எவ்வளவு பளபளப்பை வரவழைக்கலாம் என்று பார்ப்பதைவிட, எவ்வளவு குறைவாகத் தேய்த்துக் கீறலைப் போக்கலாம் என்று பார்ப்பதே சரி. இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்தக் கணக்கை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

கீறல் எந்த அடுக்கில் இருக்கிறது

இன்றைய கார்களில் பொதுவாகத் தகட்டின்மேல் நான்கு அடுக்குகள் உண்டு. துருவைத் தடுப்பதற்காக மின்முறையில் படியவைத்த பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதை நினைத்துப் பார்த்தால், நம் தலைமுடி ஒன்றின் பருமனைவிடவும் மெல்லிய ஒரு படலத்தின்மேல்தான் நாம் இயந்திரத்தை வைக்கப்போகிறோம் என்பது விளங்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தப் படலமே. அதை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால், சில ஆண்டுகளில் அது வெளுத்துச் செதில் செதிலாக உரிந்துவிடும். அதற்கு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சுழல் கீறல் என்று சொன்னாலும் கீறல்கள் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. புழங்கிய எவர்சில்வர் தட்டை மின்விளக்குக்குக் கீழே பிடித்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையங்கள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டிலுள்ள கோடுகள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகத்தான் ஓடுகின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் அவை வளையங்களாகத் தோன்றுகின்றன. காரிலும் நடப்பது இதுவே. கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு நிறங்களில் இது பளிச்சென்று தெரியும். வெள்ளைக் காரிலும் அதே அளவு கீறல்கள் இருக்கலாம். கண்ணுக்குப் படுவதில்லை என்பதே வேறுபாடு.

பாலிஷ் செய்வதென்றால் கீறலை அடைப்பதன்று. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சமமாக இறக்குவதே பாலிஷ். சுழல் கீறல்கள் மிக மேலோட்டமானவை என்பதால்தான் வீட்டில் அவற்றை நீக்க முடிகிறது.

நம் ஊர்த் தூசியின் குணம்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கீறலுக்கான காரணத்தை அறியாமல் நீக்கினால் மூன்றே மாதத்தில் அது திரும்பி வந்துவிடும்.

நம் பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கினார்கள், பாத்திரமும் துலக்கினார்கள். உமிக்கரி அழுக்கை அறுத்தெடுக்கக் காரணம் அதிலுள்ள சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை மிகுதியாக உறிஞ்சி, உமியிலும் தாளிலும் இலை ஓரத்துச் சுணையிலும் சேர்த்து வைக்கிறது. உமியை முழுவதுமாக எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவே. புரட்டாசியில் குறுவை அறுவடையும் தையில் சம்பா அறுவடையும் நடக்கும்போது அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும், சாலையோரம் நெல் காயவைத்துத் தூற்றும் இடங்களிலும் கொள்முதல் நிலைய வாசல்களிலும் பறக்கும் பதரும் சுணையும், நம் கார்களின்மேல்தான் படிகின்றன. மணல் லாரிகளும் டிராக்டர்களும் சிந்திச் செல்லும் ஆற்று மணலில் இருப்பதும் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காவே. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. கிளியர் கோட் அதற்கு மிகக் கீழே நிற்கும் மென்மையான பொருள். இந்தத் தூசி படிந்த பானெட்டை உலர்ந்த துணியால் ஒரு முறை வழித்தெடுப்பது, மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரு முறை தேய்ப்பதற்குச் சமம்.

காலையில் காரை எடுக்குமுன் பழைய பனியன் துணியாலோ நீண்ட காம்புள்ள தூசித் துடைப்பானாலோ தட்டிவிடும் பழக்கம்தான் நம் பக்கத்துக் கார்களில் பெரும்பாலான கீறல்களுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த காரணம், வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் கொண்டு நாள் முழுவதும் வரும் கார்கள் அனைத்தையும் துடைப்பது. சக்கரத்தைத் துடைத்த துணி அடுத்த காரின் கதவுக்கு வருகிறது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? பத்து நிமிடத்தில் ஒரு காரை முடிக்கச் சொன்னால் அவர்களால் வேறு எப்படிச் செய்ய முடியும்? டீசலையோ மண்ணெண்ணெயையோ தொட்டுத் துடைப்பது இன்னொரு பழக்கம். பளபளப்பு ஒரு நாள் நிற்கும்; மேலே தங்கும் எண்ணெய்ப்பசை மறுநாளே தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டியவை

காரை நன்றாகக் கழுவி உலர்த்திய பின், நிழலான இடத்தில் கைப்பேசியின் விளக்கையோ வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி. டார்ச்சையோ ஒரு முழம் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு பகுதியாகச் சாய்கோணத்தில் பாருங்கள். நேர்கோடாக ஆழ்ந்து ஓடும் கீறல் இருந்தால் நகத்தின் நுனியால் அதன் குறுக்கே மெல்ல வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்தக் கீறலைப் பாலிஷால் முழுமையாக நீக்க முடியாது. நீக்க முயன்றால் சுற்றியுள்ள கிளியர் கோட்டை இழக்க நேரும். அதன் ஓரங்களை மழுக்கிக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும்படி செய்வதோடு மனநிறைவு கொள்வதே புத்திசாலித்தனம்.

வெண்மையான வட்டத் திட்டுகள் இருந்தால் அவை போர்த் தண்ணீர் உலர்ந்து விட்டுச்சென்ற கால்சிய, மக்னீசிய உப்புகள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது மிகப் பழகிய தொல்லை. அவற்றை நீக்கும் முறையைக் கழுவும் பகுதியில் சொல்கிறேன்.

பழைய கார் என்றால் அதில் கிளியர் கோட் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில் சிறிது பாலிஷை வெள்ளைத் துணியில் தொட்டுத் தேய்த்தால், துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பூச்சு. பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் இப்படி வரும். அதையும் பாலிஷ் செய்யலாம். பேடில் நிறம் ஏறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கிளியர் கோட் உள்ள காரில் துணியில் நிறம் ஒட்டினால், கிளியர் கோட் முற்றிலும் போய்விட்டது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும்.

பூச்சின் தடிமனை அளக்கும் கருவி ஒன்றை வாங்கவோ இரவல் பெறவோ முடிந்தால் மிகவும் நல்லது. அது மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. சாதாரணக் கருவிகள் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்வதுமில்லை. இருந்தாலும் ஒரு கதவில் 120 என்று காட்டி அடுத்த கதவில் 80 என்று காட்டினால், அந்த இரண்டாவது கதவை யாரோ ஏற்கெனவே பலமாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். பல நூறு என்று காட்டினால் அங்கே பட்டி பார்த்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கருவி கிடைக்காதவர்கள் மிக மெல்லிய பாலிஷோடு நிறுத்திக்கொள்ளட்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதி முழுமையாகக் காய்ந்து இறுகக் குறைந்தது ஒரு மாதமாவது விட்டுவிட வேண்டும்.

நாளும் இடமும் பொருள்களும்

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு நான் தேர்ந்தெடுக்கும் மாதம் பங்குனி. சம்பா அறுவடைத் தூசி அடங்கியிருக்கும், மார்கழிப் பனி போயிருக்கும், ஆடிக்காற்று இன்னும் தொடங்கியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் தொடங்கினால் பாதியில் நிற்க வேண்டிவரும். எந்த மாதமானாலும் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் இயந்திர வேலையை நிறுத்திவிடுவது நல்லது. தகடு சூடேறினால் பாலிஷ் உடனே உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். பானெட்டின்மேல் புறங்கையை வைத்தால் குளுமையாகவே இருக்க வேண்டும். கூரையுள்ள கொட்டகை சிறந்தது. மரத்தடி நிழல் வேண்டாம். பிசினும் பறவை எச்சமும் சருகும் விழுந்துகொண்டே இருக்கும்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, புதிதாகத் தொடங்குபவர்கள் டூயல் ஆக்‌ஷன் பாலிஷரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். பட்டறைகளில் உள்ள ரோட்டரி பாலிஷர் ஒரே அச்சில் சுழன்று ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும். ஒரு கணம் கவனம் சிதறினாலும் விளிம்பில் பூச்சு கருகிப்போகும். என் காரில் புகைமூட்ட வளையங்களை உண்டாக்கியதும் அதுவே. டூயல் ஆக்‌ஷனில் பேடு சுழல்வதோடு அலைந்தும் ஆடுவதால் சூடு பரவிவிடுகிறது, தவறுக்கு இடம் குறைகிறது. ஐந்து அங்குலப் பேடு தாங்கும் தட்டும், 1 முதல் 6 வரை வேக எண்களும் உள்ள இயந்திரம் போதும். கையால் தேய்த்தும் செய்யலாம். ஆனால் முழுக் காரையும் கையால் சீராகத் தேய்ப்பது எளிதன்று, கை அழுத்தம் மாறும் இடமெல்லாம் தோற்றமும் மாறும். கதவுப் பிடிக்குக் கீழே நகம் பட்டு விழும் கீறல்களுக்கு மட்டும் கைவேலை பொருந்தும்.

இவற்றோடு நுரைப் பேடுகளில் நடுத்தரமானவை மூன்று, மென்மையானவை இரண்டு, ஒரு மென்பாலிஷ், ஒரு காம்பவுண்டு (மென்பாலிஷைவிட வலுவாகத் தேய்த்தெடுக்கும் பசை), பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகள், மைக்ரோஃபைபர் கையுறை, இரண்டு வாளிகள், கார் ஷாம்பு, களிமண் கட்டி என்று விற்கப்படும் கிளே பார், பெயின்ட் வேலைக்கான மாஸ்கிங் டேப், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகியவை வேண்டும். காம்பவுண்டும் மென்பாலிஷும் ஒரே நிறுவனத்தின் வரிசையில் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவது எளிது. மெகுவயர்ஸ், 3எம், மென்செர்னா ஆகிய மூன்றுமே இந்த வேலைக்குப் பேர் பெற்றவை. மூக்குக்கு முகக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். ஈரத் தரையில் மின் இயந்திரத்தை இயக்கவே கூடாது. மெல்லிய ஒயர் கொண்ட நீண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் தவிர்க்க வேண்டும்.

முதல் நாள்: கழுவுதல்

முதலில் காரைத் தொடாமலே தண்ணீர் விட்டுத் தூசியை இறக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை நனைத்து ஓடவிடுங்கள். அழுத்த நீர்ப்பீச்சி இருந்தால் ஓர் அடிக்கு மேல் தள்ளியே பிடிக்க வேண்டும். சக்கரங்களை இப்போதே, தனி வாளியிலும் தனித் துணியிலும் முடித்துவிடுங்கள்.

இரண்டு வாளிகளில் ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் நனைத்து, ஒரு கதவையோ பானெட்டின் பாதியையோ அழுத்தமில்லாமல் நேர்கோட்டில் வழித்துவிட்டு, வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே மறுபடி ஷாம்பு வாளிக்குக் கொண்டுபோக வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டாவது வாளியின் அடியில் தங்கியிருக்கும் மண்ணைப் பார்த்தால், அதுவரை அந்த மண் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது விளங்கும். பாத்திரம் துலக்கும் சோப்பும் சலவைத்தூளும் இதற்கு ஏற்றவையல்ல.

கடைசி அலசலுக்கு நான் மழைத் தண்ணீரை வைத்துக்கொள்வேன். ஐப்பசி மழையில் ஓட்டுக்கூரையின் முதல் தண்ணீர் போனபிறகு டிரம்மில் பிடித்து மூடி வைத்தால், உப்பு ஏறக்குறைய இல்லாத தண்ணீர் கிடைக்கும். நாலைந்து குடம் போதும். அது இல்லாதவர்கள் போர்த் தண்ணீர் காரின்மேல் உலர்வதற்குள், தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே உப்புத் திட்டுகள் இருந்தால், வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து துணியில் நனைத்து அந்த இடத்தில் ஓரிரு நிமிடம் வைத்து, உலர்வதற்கு முன்பே நன்றாக அலசிவிடுங்கள். அப்படியும் போகாத திட்டு பூச்சை அரித்திருக்கிறது. அதைப் பாலிஷ்தான் எடுக்க வேண்டும்.

ஒட்டிக்கொண்டிருப்பவற்றை எடுத்தல்

கழுவி உலர்ந்த பானெட்டை, கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் இப்போது சொரசொரப்பாகத் தெரிந்தால், பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத்துகளும் மரப்பிசினும் தாரும் பூச்சில் ஒட்டிப் பதிந்திருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டுப் பாலிஷ் போட்டால் பேடில் சிக்கிப் புதிய கீறல்களை இழுக்கும்.

தாருக்குத் தார் நீக்கியும் இரும்புக்கு இரும்பு நீக்கியும் கிடைக்கின்றன. இரும்பு நீக்கியைத் தெளித்தால் துகள் உள்ள இடங்கள் ஊதா நிறமாகி வடியும். அதை உலரவிடாமல் அலசிவிட்டு, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துக்கொண்டு கிளே பாரைத் தட்டையாகப் பிசைந்து நேர்கோட்டில் மெல்ல நகர்த்த வேண்டும். முதலில் பிடித்துப் பிடித்து நகரும். அழுக்கு ஏறியதும் வழுக்கிக்கொண்டு போகும். அவ்வப்போது அதை மடித்துச் சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவர வேண்டும். கை தவறித் தரையில் விழுந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஒட்டிய மணலை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

இந்த வேலை காரில் சில புதிய மெல்லிய கோடுகளை விடலாம். மறுநாள் பாலிஷில் அவை போய்விடும்.

இரண்டாம் நாள்: மறைப்பும் சோதனை இடமும்

விடியற்காலையில் மைக்ரோஃபைபர் துணியைச் சற்று ஈரமாக்கி இரவுத் தூசியை ஒற்றி எடுத்துவிட்டு, கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகள், ரப்பர் ஓரங்கள், பெயர் எழுத்துகள், விளக்குகளின் விளிம்பு ஆகியவற்றின்மேல் டேப் ஒட்டுங்கள். தகட்டின் கூர்மையான மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியதாக இருக்கும்; அவற்றின்மேலும் ஒட்டிவிடுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும், அதைக் குறைக்க வேண்டாம்.

பிறகு பானெட்டின் நடுவில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் காரின் பூச்சு மென்மையா கடினமா என்பது இந்தச் சதுரத்தில்தான் தெரியவரும். கையிலுள்ளவற்றில் மிக மென்மையான பேடு, மிக மென்மையான பாலிஷ் ஆகியவற்றிலிருந்தே தொடங்க வேண்டும். அது போதவில்லை என்றால் அதே பாலிஷோடு நடுத்தரப் பேடு. அதுவும் போதவில்லை என்றால் நடுத்தரப் பேடோடு காம்பவுண்டு. சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்கு மெருகேற்றுவோர் அரத்தில் தொடங்கி மேன்மேலும் நுண்ணிய தாள்களுக்கு இறங்கி வருவார்கள். அங்கே வார்த்த உலோகத்தில் எடுப்பதற்கு மிகுதி இருக்கிறது. நம்மிடம் எடுப்பதற்கு மிகுதி இல்லை. அதனால் நாம் எதிர்த்திசையில் தொடங்கி, எந்தப் படியில் கீறல் போகிறதோ அந்தப் படியிலேயே நின்றுவிட வேண்டும்.

கீறல்களில் பத்தில் எட்டு மறைந்தாலே போதும் என்பது நான் பின்பற்றும் அளவு. மிஞ்சிய இரண்டையும் துரத்திக்கொண்டு போனால், அந்த எட்டுக்குச் செலவானதைவிட அதிகமான கிளியர் கோட் செலவாகும்.

பாலிஷ் போடும் முறை

பேடின் நடுவே பாலிஷை மெல்லத் தடவி முழுப் பரப்பையும் முதல் முறை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு பகுதிக்கும் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டுகள் போதும். நிறையப் போட்டால் நிறைய வெட்டும், அதாவது பூச்சை நிறையத் தேய்த்தெடுக்கும் என்று நினைப்பது தவறு. பேடு ஊறிப்போய் வெறுமனே வழுக்கும்.

இயந்திரத்தை இயக்குவதற்கு முன்பே பேடைப் பூச்சின்மேல் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷ் சுவரெல்லாம் தெறிக்கும். வேகம் 1 அல்லது 2-இல் பாலிஷைச் சதுரம் முழுவதும் பரப்பிவிட்டு, வேகத்தை 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். இயந்திரத்தின் எடையோடு கையின் எடையும் சேர்ந்தாற்போன்ற அழுத்தம் போதும். ஒரு நொடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் இடமிருந்து வலமாக நகர்த்தி, அடுத்த வரிசை முந்திய வரிசையின் பாதியை மூடும்படி கீழே இறங்கி வாருங்கள். சதுரம் முடிந்ததும் மேலிருந்து கீழாக அதையே செய்யுங்கள். இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு முறை ஓட்டுவது ஒரு சுற்று. புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு கையை வேகமாக ஆட்டுவது. நானும் முதல் காரில் அப்படித்தான் ஆட்டி, இரண்டு மணி நேரம் உழைத்து எந்த மாற்றமும் காணாமல் உட்கார்ந்திருந்தேன்.

பேடு தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்ல உத்தி. அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் பேடு சுழல்கிறது. சுற்றாமல் அதிர்ந்துகொண்டு மட்டும் நின்றால், அழுத்தம் கூடிவிட்டது அல்லது வளைந்த தகட்டில் பேடு சாய்ந்துவிட்டது என்று அறிந்து, கையைத் தளர்த்திப் பேடைத் தட்டையாக நிறுத்துங்கள். பேடு சுழலாத நேரமெல்லாம் வீணான நேரம்.

பாலிஷ் மெல்லிய எண்ணெய்ப் படலம்போல் ஆகும்போது ஒரு சுற்று முடியும். வேகத்தைக் குறைத்து, அழுத்தமே இல்லாமல் ஒரு முறை ஓட்டிவிட்டு, பூச்சின்மேலேயே வைத்தபடி இயந்திரத்தை நிறுத்திய பின் எடுங்கள். தகட்டில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம்; கை வைக்க முடியாத சூடு கூடாது. பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும், ஆதலால் அங்கே வேகத்தையும் அழுத்தத்தையும் இன்னும் குறைக்க வேண்டும்.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் மென்மையான பிரஷால் பேடைத் துலக்கிவிட வேண்டும். உரித்தெடுத்த கிளியர் கோட்டும் பழைய பாலிஷும் பேடில் சேர்ந்து இறுகினால் அதுவே கீறும். ஒரே பேடை முழுக் காருக்கும் ஓட்டக் கூடாது. பானெட்டுக்கு ஒன்று, ஒரு பக்கக் கதவுகளுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே போனால் வெட்டும் திறனும் சீராக இருக்கும்.

மெய்யாகவே போயிற்றா என்று பார்த்தல்

பட்டறையில் நான் ஏமாந்தது இந்தப் படி இல்லாததால்தான். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். சோதனைச் சதுரத்தை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தபின், ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, வேறொரு சுத்தமான துணியால் மெல்லத் துடைத்தெடுங்கள். இது எளிதில் தீப்பற்றும் பொருள். அடுப்பு, பூஜை விளக்கு பக்கம் வைக்க வேண்டாம். எண்ணெய் போனபின் டார்ச் ஒளியில் தெரிவதே உண்மையான நிலை.

அதன்பின் டேப்பை உரித்துப் பாருங்கள். பாலிஷ் போட்ட சதுரத்துக்கும் போடாத பகுதிக்கும் இடையே கோடு கிழித்ததுபோல் வேறுபாடு தெரியும். இத்தனை உழைப்பில் எனக்கு மிகவும் பிடித்த கணம் அதுவே.

அந்தச் சதுரத்தில் எந்தப் பேடும் பாலிஷும் பலன் தந்தனவோ அவற்றையே முழுக் காருக்கும் பயன்படுத்துங்கள். பானெட், கூரை, டிக்கி, பிறகு கதவுகள், மட்கார்டுகள், கடைசியாகப் பம்பர்கள் என்று சதுரம் சதுரமாகப் போகலாம். காம்பவுண்டு போட வேண்டிவந்திருந்தால் அது ஒரு மெல்லிய மங்கலை விட்டுச்செல்லும். மென்மையான பேடும் மென்பாலிஷும் கொண்டு இன்னொரு சுற்று ஓட்டினால்தான் கறுப்பு ஆழமாகத் தெரியும். காலை நேரத்தில் முடியாவிட்டால் மறுநாள் காலைக்கு விட்டுவிடுங்கள்.

காப்புப் பூச்சு

கார்னாபா மெழுகு அழகான பொலிவு தரும். ஆனால் நம் சித்திரை வெயிலில் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. செயற்கைச் சீலன்ட் சில மாதங்கள் தாங்கும். தனியாக வேலை செய்பவருக்கு அதுவே ஏற்றது என்பேன். மெல்லிய படலமாகத் தடவி, பாட்டிலில் குறித்த நேரம் விட்டுத் துடைத்தால் போதும். சிலிக்கா கொண்ட செராமிக் கோட்டிங் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்றாலும், நம் கடலோர ஈரக்காற்றில் தடவிய இடத்தைத் துடைப்பதற்கான நேரம் மாறிக்கொண்டே இருக்கும். தப்பினால் திட்டுத் திட்டாக இறுகிவிடும், அதை எடுக்க மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். தடவியபின் குறைந்தது ஒரு நாள் முழுவதும் பனியோ மழையோ படக் கூடாது. கோட்டிங் போட்ட கார் கீறாது என்று விற்பவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். உலர்ந்த துணியால் தூசியைத் தேய்த்தால் அதுவும் கீறும்.

இனிக் கீறாமல் வைத்துக்கொள்வது

வாரம் ஒரு முறை இரண்டு வாளி முறையில் கழுவினால் போதும். இடையில் தூசி படிந்தால் படிந்தபடியே ஓட்டுங்கள். கண்ணாடிகளை மட்டும் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். தூசி படிந்த காரின்மேல் கவர் போடுவது கூடாது. காற்றில் கவர் அசையும்போதெல்லாம் அது தேய்க்கும். பறவை எச்சம் விழுந்தால் நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள். மைக்ரோஃபைபர் துணிகளை மற்றத் துணிகளோடு துவைக்கவோ, துணியை மென்மையாக்கும் திரவம் போடவோ வேண்டாம். களத்து மேட்டிலோ மண் சுவரிலோ உலர்த்தாமல் கொடியில் உலர்த்தி, மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஆயுத பூஜையன்று பானெட்டில் சந்தனமும் விபூதியும் குங்குமமும் இட்டு மறுநாள் உலர்ந்த துணியால் தேய்த்தெடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. விபூதி சாம்பல், உலர்ந்த சந்தனம் பொரபொரப்பானது. இரண்டும் சேர்ந்து பொட்டு இட்ட இடத்தைச் சுற்றிக் கைப்பட்ட அளவுக்கு ஒரு வட்டம் கீறிவிடும். எங்கள் வீட்டில் இப்போது முன்கண்ணாடியின் மேல்மூலையிலும் நம்பர் பிளேட்டின் ஓரத்திலும் பொட்டு இடுகிறோம். பானெட்டில்தான் இட வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால், மறுநாள் காலை ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றி, அது கரைந்து தானாக வழியும் வரை காத்திருந்து, அதன்பிறகே துணியை எடுங்கள்.